வாசலில் அடிக்கும் பறைக்கு அழைப்பிதழில் இடம் உண்டா?

பிப்ரவரி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "தோழர், ஆண்டு விழா வருது. நல்ல பறைக்குழு ஒண்ணு சொல்லுங்க." வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், குடியாத்தம் என்று எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எத்தனை நிமிஷம்?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு தயங்கித் தயங்கிப் பதில் வரும். "நிமிஷக் கணக்குன்னு இல்ல தோழர். சீஃப் கெஸ்ட் கார்ல இருந்து இறங்கி மேடைக்கு வர்ற வரைக்கும்."

பறை கல்லூரிக்குள் வந்துவிட்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'சாவு மேளம்' என்று முகம் சுளித்தவர்களே இன்று 'தமிழர் மரபிசை' என்று பேனர் கட்டுகிறார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறையைப் பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த காலத்தில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதைத் தோளில் மாட்டி ஊர் ஊராக ஆடினார்கள். சென்னையில் புத்தர் கலைக்குழு எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளித்தான் அந்தக் கதவு திறந்தது.

திறந்த கதவுக்கு உள்ளே பறை எதுவரை போகிறது? கார் நிற்கும் இடத்திலிருந்து அரங்கத்தின் படிக்கட்டு வரை. பெரிய மனிதருக்கு முன்னால் அடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அவர் உள்ளே போனதும் ஒதுங்கி நிற்க வேண்டும். உள்ளே தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை. வெளியே மரத்தடியில் நம் ஆட்கள் தண்ணீர் பாட்டிலுக்குக் காத்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம் அல்லவா? ஊரில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் பறை போகும், கோயில் வாசலோடு நின்றுவிடும். பாடைக்கு முன்னால் போகும், பந்திக்கு மட்டும் கடைசி. கல்லூரி அதே வேலையை மஞ்சள் சட்டையும் சிவப்புத் துண்டும் போட்டுச் செய்யச் சொல்கிறது. கல்லூரிக்காரர்களுக்கு இதில் சாதி தெரியவில்லை என்றால் ஆச்சரியமில்லை. விழாவைத் திட்டமிடும் நம் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

என் கருத்து இதுதான்: கல்லூரிக் கலை விழாவின் அரசியலில் பாதி, விழாவுக்கு ஒரு மாதம் முன்பு நடக்கும் திட்டக் கூட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. யாருக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு பணம், அழைப்பிதழில் யார் பெயர், யாருக்கு மைக், யாருக்கு எங்கே சாப்பாடு. இதையெல்லாம் 'அரேஞ்ச்மென்ட்' என்று சொல்லி யாரோ ஒரு துறைத் தலைவரிடமும் ஈவென்ட் காரரிடமும் விட்டுவிட்டு, மேடையில் அம்பேத்கர் பற்றி ஐந்து நிமிடம் பேசக் கிடைத்தால் போதும் என்று நம்மவர்கள் திருப்தியாகிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஐந்து நிமிடத்தைவிட அந்தக் கூட்டத்தின் நாற்காலி முக்கியம்.

வாணியம்பாடியில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இது தோலால் வாழும் ஊர். உலகம் முழுக்கப் போடும் ஷூவுக்கும் பைக்கும் இங்கிருந்தும் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டையிலிருந்தும் தோல் போகிறது. இங்கே 'டிரம்' என்றால் பாதிப் பேருக்கு இசைக்கருவி நினைவுக்கு வராது. டேனரியில் தோலையும் ரசாயனத்தையும் போட்டுப் புரட்டும் பெரிய மர உருளைதான் வரும். அந்த டிரம்முக்குப் பக்கத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்பவர் யார், கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் செத்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலாறு என்ன ஆனது என்பதை உச்ச நீதிமன்றமே 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் எழுதிவைத்திருக்கிறது. பதப்படுத்திய தோல் கப்பலேறும்போது அதற்கு மரியாதை. பதப்படுத்தாத பச்சைத் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, வேப்பங்கட்டையில் இழுத்து, புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டினால் அது பறை. அதற்கு மட்டும் தீட்டு.

அந்தத் தீட்டு பழைய கதை என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு நினைவூட்டல். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கத்து நாராயணபுரத்தில் ஒரு தலித் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வழி இல்லாமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். ஆதிக்க சாதியாரின் நிலத்தின் வழியே போக முடியவில்லை. அந்த வீடியோவை நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாவுக்குப் பறை அடிக்கும் சாதியின் சாவுக்குப் பாதை கிடையாது. இந்த ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் நடந்தது இது. இந்த மண்ணில் ஒரு கல்லூரி மேடையில் பறை ஏறும்போது அதன் பின்னால் இது எல்லாம் நிற்கிறது. அதை 'வெல்கம் டான்ஸ்' ஆக்கி இரண்டு நிமிடத்தில் முடிப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

இதில் நம் பக்கமே பேச வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் தெருக்களில் பறையை விட்டவர்கள் உண்டு. இழிவாகச் சுமத்தப்பட்ட வேலையை விடுங்கள் என்று அம்பேத்கர் சொன்ன வழியில், 'இனி எந்த சாவுக்கும் போக மாட்டோம்' என்று குச்சியை ஒடித்துப் போட்ட தாத்தாக்கள் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்கள், ஊர்க் கட்டுப்பாட்டில் கூலி இழந்தவர்கள் உண்டு. அந்தத் தாத்தாவின் பேரன் இன்று கல்லூரியில் பி.காம். படிக்கிறான். விழாக் குழுவில் யாரோ ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "நீ அந்தப் பக்கம்தானே, உங்க ஊர்ல அடிப்பாங்களே, ஆளுங்க கூட்டிட்டு வரமுடியுமா?" கேட்டவருக்கு அது சாதாரணக் கேள்வி. அவனுக்கோ அந்த ஒரு நொடியில் வகுப்பு முழுவதும் அவன் சாதி தெரிந்துவிட்டது. மூன்று ஆண்டு அவன் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தன் பாட்டுக்கு இருந்தான். இனி முடியாது.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. ஆதிக்க சாதிப் பையன் பறை கற்றுக்கொண்டு மேடையில் அடித்தால் 'என்ன ஒரு தமிழ் உணர்வு' என்று கைதட்டு. நம் பையன் அதே அடவை அதைவிட நன்றாக அடித்தால், 'ரத்தத்திலேயே இருக்குல்ல' என்று சிரிப்பு. ஒருவனுக்கு அது கலை. மற்றவனுக்கு அது பிறப்புச் சான்றிதழ். எனவே விழாவைத் திட்டமிடும் தோழர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: தலித் மாணவர்கள் பறை அடிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், கேட்காதீர்கள். விருப்பமுள்ள எல்லாருக்கும் பொதுவாக ஒரு பயிற்சி அறிவிப்புப் போடுங்கள். ஒரு ஆசானை அழைத்து, அவருக்குக் கூலி கொடுத்து, இரண்டு வாரம் கற்றுக்கொள்ளுங்கள். யார் வருகிறார்களோ வரட்டும். கிதார் வாசிக்க ஆசைப்படும் தலித் பெண் கிதார் வாசிக்கட்டும். அதுவும் நம் அரசியல்தான்.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழுவை மேடையேற்றியதைப் பலர் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். 19 கலைஞர்கள். கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில், ஒரே வரிசையில் நின்றன. அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். அந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு நம் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது சூட்டும் போஸும்தான். நான் கவனித்தது வேறு. அங்கே பறைக்கு மைக் இருந்தது. டிரம்ஸுக்கு எத்தனை கவனமாக ஒலி அமைப்பார்களோ அத்தனை கவனம் பறைக்கும் சட்டிக்கும் இருந்தது.

சிரிக்காதீர்கள், மைக் ஒரு பெரிய விஷயம். நம் பக்கத்து விழாக்களில் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பறைக்கு மைக் வையுங்கள் என்றால், "அதுக்கெதுக்குபா மைக்கு, அதுவே காதைப் பொளக்குமே" என்பார். விளைவு என்ன? ஆறு பறை முழங்க நடுவில் ஒருவர் பாடுகிறார், ஒரு வார்த்தை காதில் விழாது. பாட்டில் சொன்னது ஆணவக்கொலையோ, மலக்குழிச் சாவோ, மாணவர்களுக்குக் கேட்டது வெறும் அடி. ஆடலாம், விசிலடிக்கலாம், கேட்க முடியாது. நம் கலையை ஒலியாக மட்டும் வைத்துக்கொண்டு அதன் சொல்லைப் பிடுங்கிவிடுவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. பாடுபவருக்குக் கழுத்து மைக் அல்லது தலை மைக், பறைக்கு முன்னால் தாழ்வாக இரண்டு மைக், நிகழ்ச்சிக்கு முன் அரை மணி நேரம் ஒலிச் சோதனை. இதை சவுண்ட்காரரிடம் பேசும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பறை காய்ச்ச ஒரு இடமும் கேட்டு வாங்குங்கள். தோல் பறையை அடிக்கும் முன் தீயில் காட்ட வேண்டும், மழை நாளில் இன்னும் கூடுதலாக. அரங்கத்துக்குப் பின்னால் மண் தரையும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கடைசி நேரத்தில் வாட்ச்மேன் வந்து தீயை மிதித்து அணைப்பார். நம் ஆட்கள் மேடைக்குத் தொய்ந்த பறையோடு போவார்கள்.

பணம். இதைப் பேசக் கூச்சப்படும் தோழர்கள் அதிகம், 'கலைச் சேவை' என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கல்லூரியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். டிஜே-வுக்கு முன்பணம் வங்கியில் போய்விட்டது, மீதி அன்றிரவே. பறைக்குழுவுக்குப் பேசிய தொகை அதில் ஒரு சிறு பங்கு. அதைக் கொடுக்கவும் அலுவலகத்தில் ஜிஎஸ்டி பில் கேட்டார்கள், கொட்டேஷன் கேட்டார்கள். எட்டுப் பேர் குழுவில் யாரிடம் ஜிஎஸ்டி எண் இருக்கும்? வேன் வாடகையைத் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போன ஆசான், காசோலைக்காக மூன்று முறை பஸ் ஏறி வந்தார். அலுவலக எழுத்தர் கெட்டவர் இல்லை; அவருடைய ஃபைலில் கடைக்காரருக்கு ஒரு கட்டம் இருந்தது, கலைஞருக்குக் கட்டமே இல்லை. அவ்வளவுதான். பாகுபாடு பல நேரம் இப்படி ஒரு காலிக் கட்டமாகத்தான் இருக்கிறது.

ஆகவே திட்டக் கூட்டத்திலேயே பேசி முடியுங்கள். சிறு தொகைகளை ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சரில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம். முதல்வரோ நிதி அலுவலரோ ஒப்புக்கொண்டால் போதும். பெரிய தொகை என்றால் கலைஞர்களின் வங்கிக் கணக்குக்கே பிரித்து அனுப்பலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது; வாரிய அட்டை உள்ள கலைஞரென்றால் அதன் நகலை இணைத்தால் அலுவலகத்தின் பாதிக் கேள்விகள் அடங்கும். அட்டை இல்லாதவர் என்றால், விழா முடிந்ததும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். வேன் வாடகையை மட்டும் எப்படியாவது முன்னதாகக் கொடுத்துவிடுங்கள்.

பெயருக்கு வருகிறேன். அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். தாளாளர், செயலர், முதல்வர், துணை முதல்வர், துறைத் தலைவர்கள், சிறப்பு விருந்தினர், அவருடைய மூன்று பட்டங்கள். கடைசி வரியில் 'கலை நிகழ்ச்சிகள்'. பறை அடிப்பவருக்கும் தெருக்கூத்தில் துரியோதனன் கட்டுபவருக்கும் பம்பைக்காரருக்கும் பெயர் இல்லை. நம் அரக்கோணத்துப் பையன் அறிவின் கதை உங்களுக்குத் தெரியும். 'எஞ்சாயி எஞ்சாமி' 2021-இல் உலகமெல்லாம் ஓடியது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவிலிருந்து அவர் எழுதிப் பாடியது. அதே ஆண்டு ஒரு பெரிய இசை இதழின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டை போட்டபோது அதில் அறிவின் முகம் இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. யார் எதை எழுதினார்கள் என்ற சர்ச்சைக்குள் நான் போகவில்லை. இத்தனை புகழ் வந்த பிறகே ஒருவர் அட்டையிலிருந்து விடுபட முடியும் என்றால், ஆலங்காயம் பக்கத்துக் கூத்து வாத்தியார் உங்கள் அழைப்பிதழிலிருந்து விடுபட எவ்வளவு நேரம் ஆகும்? 'குழுவினர்' என்று எழுதாதீர்கள். எட்டுப் பேர் என்றால் எட்டுப் பெயர்.

இனி அனுமதி. இளம் தோழர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

2019 ஜனவரி 19, 20 தேதிகளில் சென்னை லயோலா கல்லூரியில் 'வீதி விருது விழா' நடந்தது. நாட்டுப்புறக் கலைஞர்களை மாவட்டம் மாவட்டமாகக் கூட்டிவந்து, ஒரு பெயர்பெற்ற கல்லூரியின் வளாகத்தையே அவர்களுக்குக் கொடுத்த விழா. அப்படி ஒரு திட்டத்தை யோசித்தவர்களை நான் மதிக்கிறேன். அதே வளாகத்தில் ஓவியர் முகிலனின் ஓவியங்களும் இருந்தன. பாஜகவினர் எதிர்த்தார்கள், காவல்துறைக்குப் புகார் போனது, படங்கள் அகற்றப்பட்டன, கல்லூரி வருத்தம் தெரிவித்தது. அந்த வாரம் முழுவதும் தொலைக்காட்சிகளில் ஓவியம் மட்டுமே பேச்சு. இரண்டு நாள் ஆடிய கலைஞர்கள் செய்தியிலிருந்தே காணாமல் போனார்கள். ஓவியம் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் ஆள் நான் அல்ல. எதிர்ப்பு வரும் என்று தெரிந்தால், வந்த அன்று யார் பேசுவது, என்ன பேசுவது, நிர்வாகத்தில் யார் நம்மோடு நிற்பார், அதை எழுத்தில் தருவாரா என்பதை முதலிலேயே முடிவு செய்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டே இன்னொன்று. மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் பிடித்துக் கட்டிக் கொடுக்கும் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். கச்சேரி மேடையில் மாட்டுத் தோல் ஒலிக்கும், அதை உரித்தவன் மேடை ஏற முடியாது என்ற கதை. வாணியம்பாடிக்காரர்களான நமக்கு இது புரிய விளக்கவுரை தேவையில்லை. வெளியீட்டு விழாவுக்குக் கலாக்ஷேத்ரா அரங்கம் தருவதாக இருந்தது. புத்தகத்தின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும், விழாவுக்குச் சில நாட்களே இருக்கும்போது அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2020 பிப்ரவரி 2 அன்று ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் விழா நடந்தது. தொல். திருமாவளவன் கலந்துகொண்டார். தேதி மாறவில்லை, இடம் மட்டும் மாறியது. கிருஷ்ணாவுக்கு இன்னொரு அரங்கம் கிடைக்க நண்பர்கள் இருந்தார்கள். நமக்கு அப்படி யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதனால் கல்லூரி அரங்கத்துக்குக் கடிதம் கொடுக்கும் அன்றே, ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபமோ சர்ச் வளாகமோ சங்கக் கட்டிடமோ பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது இடம் கையில் இருந்தால்தான் முதல்வர் அறையில் உங்கள் குரல் நடுங்காது.

கடிதத்தில் என்ன எழுதுவது என்றும் கேட்கிறார்கள். 'கலாச்சார விழா' என்று பொதுவாக எழுதி அனுமதி வாங்கிவிட்டு, உள்ளே நம் நிகழ்ச்சியைப் போடலாமா? என் அனுபவத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனம் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு நம் தலையிலேயே விழும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1990-களிலேயே 'தலித் கலை விழா' என்று பெயர் போட்டே நடத்தியது. 'பரட்டை' என்று நாம் அன்போடு சொல்லும் தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்து, நாட்டுப்புற மெட்டைக் கோயில் பாட்டுக்குள் கொண்டுவந்த மனிதர். முப்பது ஆண்டுக்கு முன் ஒரு கல்லூரிக்குள் அந்தச் சொல் நுழைந்திருக்கிறது. நாம் ஏன் விழுங்க வேண்டும்? என்ன நிகழ்ச்சி, எந்தப் பாட்டு, யார் பேச்சாளர் என்று முழுப் பட்டியலையும் இணைத்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வாங்குங்கள். ஒலிபெருக்கி விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள்: இரவு 10 முதல் காலை 6 வரை தடை, கல்விக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். தடுக்க நினைப்பவர் முதலில் தூக்குவது அந்தக் காகிதத்தைத்தான்.

சாப்பாட்டைக் கடைசியாக வைத்தேன், அதுதான் நம் பக்கத்தில் வெடிக்கும் விஷயம் என்பதால். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. மே 13 முதல் 15 வரை என்று தேதியும் சொன்னார்கள். மாட்டிறைச்சி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. ஆம்பூரில்! மாட்டுத் தோலில் வாழும் ஊரில்! எதிர்ப்பு எழுந்தது, இலவசமாக மாட்டு பிரியாணி கொடுக்கப்போவதாக அமைப்புகள் அறிவித்தன, மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஒரு பட்டியலில் ஒரு வரி விடுபட்டதால் வந்தது இவ்வளவும். உங்கள் விழாவிலும் மெனு ஒரு பட்டியல்தான். கலைஞர்களுக்குத் தனிப் பொட்டலமும் விருந்தினருக்குத் தனி அறையும் என்று யாராவது சொன்னால் அன்றே மறுத்துவிடுங்கள். எல்லாரும் ஒரே பந்தி. என்ன சமைப்பது என்பதை ஆடிப் பாடப் போகிறவர்களையும் கேட்டு முடிவெடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆட முடியாது, அதனால் அவர்களுக்கு நிகழ்ச்சிக்குப் பிறகு சூடாக இருக்க வேண்டும். பந்தி முடிந்த பாத்திரத்தைச் சுரண்டிப் போடும் சோறு கூடாது.

வாணியம்பாடி மாணவர்களுக்கு ஒரு யோசனை சொல்ல ஆசை. இந்த ஊரை உருது முஷாயிராவின் ஊர் என்று சொல்வார்கள். 1919-இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரியில்தான் கவிக்கோ அப்துல் ரகுமான் நெடுங்காலம் தமிழ் கற்பித்தார். உருதுக்காரர்களின் கஸலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். வேற்று வடிவம் ஒன்றை வாங்கித் தனதாக்கிக்கொள்ளும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பக்கீர்கள் பாடும்போது தட்டும் தாயிராவைப் பார்த்திருக்கிறீர்களா? வட்டக் கட்டை, மேலே தோல். பறைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். அது தர்காவில், இது சேரியில். இரண்டையும் ஒரே மேடையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஒன்றுக்கொன்று பதில் வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்! ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தைக்கிற தலித் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே வேனில்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் படிக்கிறார்கள். முதலாளி யார், தொழிலாளி யார் என்ற கணக்கை மறந்துவிட்டு 'ஒற்றுமை விழா' எடுக்கச் சொல்லவில்லை. அந்தக் கணக்கையே பாட்டாக எழுதுங்கள்; பாலாற்றைப் பற்றி, ஷிப்ட் முடிந்தும் கையை விட்டுப் போகாத தோல் வாடையைப் பற்றி எழுதுங்கள். வெளியூர்க் குழு எத்தனை வந்தாலும் இந்தப் பாட்டை அவர்களால் எழுத முடியாது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் ஏப்ரல் 14 என்கிறார்கள். அன்று அரசு விடுமுறை, கல்லூரி பூட்டியிருக்கும், பல்கலைக்கழகத் தேர்வும் நெருங்கியிருக்கும். விடுதிப் பிள்ளைகளைத் தவிர யாரும் வர மாட்டார்கள். வேலை நாளில் வையுங்கள், மார்ச் முதல் பாதியில். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ முடிந்த பிறகு; எந்த நாளானாலும் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒரு இடைவெளி விட்டால் யாருக்கும் சொல்ல எதுவும் இருக்காது. ஷிப்ட் போகிற அம்மா அப்பாவும் வர வேண்டும் என்றால் வீட்டில் கேட்டு, கம்பெனி லீவு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை விழா என்றால் நாட்றம்பள்ளிக்கும் ஆலங்காயத்துக்கும் போகிற பெண்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்; முதல் வரிசை காலியாகும், வீட்டில் திட்டு வேறு. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்தால், கடைசிப் பாட்டையும் கேட்டுவிட்டு, பறையைக் கையில் வாங்கி ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டே அவர்கள் பஸ் ஏறலாம்.